மருந்துக் குப்பியில் ஒரு பெயர்

வைத்தியத் தொழிலை மேற்கொள்வோர் எடுக்கும் உறுதிமொழி மிகப் பழையது. கிரேக்க நாட்டு ஹிப்போகிரட்டீசின் பெயரால் வழங்கும் அவ்வுறுதிமொழியிலே, நோயாளியிடத்துக் கண்டதையும் கேட்டதையும் வெளியிற் சொல்லலாகாது என்னும் விதி ஒன்று உண்டு. இரகசியம் நோயாளிக்கு உரியது. அதனைக் காக்கும் கடமை வைத்தியருக்கு உரியது. வைத்தியரின் பெயரோ எக்காலத்தும் வெளிப்படையானது. வாயிற் பலகையிலும் மருந்துச் சீட்டின் அடியிலும் அது பொறிக்கப்பட்டிருக்கும். இன்னார் தந்த மருந்து இது என்னும் எண்ணமே நோயாளிக்குப் பாதி ஆறுதலாகும்.

இந்தப் பழைய ஒழுங்கு ஓரிடத்திலே தலைகீழாயிற்று. 2025ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 3ஆம் திகதி, ஐக்கிய அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்திலே ஒரு சட்டம் கையொப்பமாயிற்று. கருச்சிதைவுக்குரிய மாத்திரைகளை எழுதிக் கொடுக்கும் வைத்தியர் விரும்பினால், மருந்துக் குப்பியில் ஒட்டப்படும் சீட்டிலே தம் பெயரைத் தவிர்த்துத் தமது சிகிச்சை நிலையத்தின் பெயரை மட்டும் இடும்படி கேட்கலாம் என்பதே அச்சட்டத்தின் சாரம். நோயாளியின் இரகசியத்தைக் காக்கக் கடமைப்பட்ட வைத்தியருடைய பெயரையே சட்டம் காக்க வேண்டிய நிலை எவ்வாறு வந்தது? அதன் வரலாறு ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு நீளமுடையது.

முதலில், குப்பியில் அப்பெயர் ஏறிய வரலாற்றை நோக்குதல் தகும். 1951ஆம் ஆண்டில் அமெரிக்கச் சமஷ்டிச் சட்டசபையாகிய காங்கிரஸ், மருந்துச் சட்டத்துக்கு ஒரு திருத்தத்தை நிறைவேற்றியது. அதனைக் கொண்டுவந்த டேர்ஹம், ஹம்ஃப்ரி என்னும் இருவரும் அரசியலுக்கு வருமுன் மருந்தாளராய்த் தொழில் செய்தவர்கள். வைத்தியரின் சீட்டின்றி விற்கத்தகாத மருந்துகள் எவை என்பதை அத்திருத்தம் வரையறுத்தது. அத்தகைய மருந்தை வழங்கும்போது ஒட்டுச்சீட்டிலே மருந்துச்சாலையின் பெயரும் முகவரியும், சீட்டின் தொடரெண்ணும், திகதியும், எழுதிக் கொடுத்தவரின் பெயரும் இருத்தல் வேண்டும் என்றும் அது வகுத்தது. இதன் பயன் வெளிப்படை. நள்ளிரவில் நோயாளி மயங்கி விழுந்தால், அருகிலிருப்போர் குப்பியைப் பார்த்து உரிய வைத்தியரை அழைக்கலாம். தவறு நேர்ந்தால் பொறுப்பாளர் யார் என்று அறியலாம். நோயாளியின் நலனுக்காகவே பெயர் அங்கே ஏறியது.

ஆனால் அதற்கு ஏறக்குறைய எண்பது ஆண்டுகளுக்கு முன்பே, பெயர்களைத் தேடும் வேறொரு முயற்சி அந்நாட்டிலே தொடங்கியிருந்தது. 1873ஆம் ஆண்டு மார்ச் 3ஆம் திகதி நிறைவேறிய ஒரு சட்டம், ஆபாச நூல்களை மட்டுமன்றி, கருத்தடைக்கும் கருச்சிதைவுக்கும் உரிய பொருள்களையும் அவைபற்றிய அறிவுரைகளையும் தபாலில் அனுப்புதல் குற்றம் என விதித்தது. அதற்குப் பெருமுயற்சி செய்தவர் அந்தனி கொம்ஸ்ரொக் என்பவர். நியூயோர்க்கிலே துணிக்கடை எழுதுவினைஞராய் இருந்தவர். சட்டம் நிறைவேறியதும் தபாற் பகுதியின் விசேட அதிகாரியாக நியமனம் பெற்றார். பொய்ப்பெயரில் கடிதம் எழுதி மருந்தோ அறிவுரையோ கேட்பதும், மறுமொழி வந்தவுடன் அனுப்பியவரைப் பிடிப்பதும் அவர் கையாண்ட முறை. கருத்தடைபற்றிய சிறு நூலொன்றைத் தபாலில் அனுப்பிய குற்றத்துக்காக எட்வேர்ட் பிளிஸ் ஃபூட் என்னும் வைத்தியர் 1876இல் தண்டிக்கப்பட்டு, ஆயிரக்கணக்கான டொலர் இழந்தார். தபாற் பொதியின்மேல் இருக்கும் பெயர் வைத்தியரைச் சிக்கவைக்கும் கயிறாகலாம் என்பதை அந்நாட்டு வைத்தியர்கள் அன்றே கண்டுகொண்டனர்.

இக்கதையின் அடுத்த கட்டம் 1929ஆம் ஆண்டிலே நிகழ்ந்தது. நியூயோர்க் நகரின் பதினைந்தாம் வீதியில், மார்கரெட் சாங்கர் அம்மையார் நிறுவிய கருத்தடை ஆராய்ச்சி நிலையம் ஒன்று இருந்தது. அதன் தலைமை வைத்தியர் ஹன்னா ஸ்ரோன் என்னும் அம்மையார். அவ்வாண்டு மார்ச் மாதத்திலே ஒரு பெண் பொய்ப்பெயரோடு நோயாளியாக அங்கே வந்தாள். வைத்தியர் அவளை ஐயுறாது பரிசோதித்து அறிவுரை வழங்கினார். வந்தவள் பொலிஸ் பகுதியைச் சேர்ந்தவள் என்பது பின்னரே தெரிந்தது. ஏப்ரல் 15ஆம் திகதி பொலிசார் நிலையத்துள் நுழைந்து, வைத்தியர் இருவரையும் தாதியர் மூவரையும் கைதுசெய்தனர். நோயாளர்பற்றிய குறிப்பட்டைகளையும் வாரிக்கொண்டு போயினர்.

வைத்தியரைக் கைதுசெய்தமையினும், அட்டைகளை எடுத்துச் சென்றமையே நகரை உலுக்கியது. ஓர் அட்டையிலே நோயாளியின் பெயரும், அவள் நோயும், அவள் குடும்ப நிலையும் இருந்தன. கருத்தடை இயக்கத்தில் நாட்டமில்லாத வைத்தியர்களுங்கூட இதனைக் கண்டு திடுக்கிட்டனர். ஒரு நிலையத்தின் அட்டைகளை இன்று எடுக்கலாம் எனின், நாளை எவ்வைத்தியரின் மேசையும் காப்புடையதன்று என்பதை அவர்கள் உணர்ந்தனர். நியூயோர்க் வைத்தியக் கல்விக் கழகம் கண்டனம் தெரிவித்தது. நோயைக் குணப்படுத்தவும் தடுக்கவும் வைத்தியர் கருத்தடை அறிவுரை தரலாம் என மாநிலச் சட்டத்திலே விலக்கு இருந்தமையால், நீதவான் மே மாதத்தில் வழக்கைத் தள்ளினார். வழக்கு ஒழிந்தது, ஏட்டின்மேல் யாருக்கு உரிமை என்னும் கேள்வி ஒழியவில்லை.

ஏழு ஆண்டுகளின் பின் அதே ஸ்ரோன் அம்மையார் மீண்டும் நீதிமன்றத்திலே வெற்றி கண்டார். யப்பானிலிருந்து அவருக்கு வந்த கருத்தடைச் சாதனப் பொதியைச் சுங்கப் பகுதியினர் பறித்துக்கொண்டனர். நோயாளரின் நலனுக்காக வைத்தியர் தருவிக்கும் பொருளை 1873ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழிவந்த தடை கட்டுப்படுத்தாது என 1936இல் சமஷ்டி மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்தது. எனினும் மாநிலச் சட்டங்கள் சில நிலைத்திருந்தன. கொனெற்றிக்கற் மாநிலத்தில் 1879ஆம் ஆண்டுச் சட்டமொன்று கருத்தடைச் சாதனத்தைப் பயன்படுத்துவதையே குற்றமாக்கியிருந்தது. 1961 நவம்பரில் நியூ ஹேவன் நகரிலே சிகிச்சை நிலையம் திறந்த எஸ்ரெல் கிரிஸ்வோல்ட் அம்மையாரும், யேல் பல்கலைக்கழகப் பேராசிரியரான வைத்தியர் லீ பக்ஸ்ரனும் கைதாகி, ஆளுக்கு 100 டொலர் தண்டம் விதிக்கப்பெற்றனர். 1965ஆம் ஆண்டு யூன் 7ஆம் திகதி, உயர்நீதிமன்றம் ஏழு நீதியரசர் ஒருபுறமும் இருவர் மறுபுறமுமாக அத்தண்டனையை நீக்கியது. கணவன் மனைவியரின் அந்தரங்கத்துள் அரசு நுழையலாகாது என்பதே தீர்ப்பின் அடிப்படை. அந்தரங்க உரிமை அரசியல் யாப்பினாற் காக்கப்படும் உரிமையாக ஏற்கப்பட்டது இவ்வழக்கினாலேயாம். 1973இல் அதே நீதிமன்றம் அவ்வுரிமையைக் கருச்சிதைவுக்கும் விரித்தது.

அந்தரங்கம் உரிமையாயிற்று, ஆனால் அரசு ஏடுகள் பெருகின. 1972ஆம் ஆண்டு நியூயோர்க் சட்டமொன்று, ஆபத்தான சில மருந்துகளை எழுதிக் கொடுக்கும் வைத்தியர், வழங்கும் மருந்துச்சாலை, பெறும் நோயாளி ஆகிய மூவரின் விவரங்களையும் அரசின் கணனியிலே பதியச் செய்தது. பதிவுகள் வெளியிற் பரவாமற் காக்கப்பட்டால் அத்தகைய சட்டம் செல்லும் என உயர்நீதிமன்றம் 1977இல் ஒருமுகமாகத் தீர்த்தது. மறுபுறம், கருச்சிதைவுபற்றிய அறிக்கைகளில் வைத்தியரின் பெயரையும் சேர்த்துப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்த பென்சில்வேனியா மாநிலச் சட்டம் 1986இல், ஐவருக்கு நால்வர் என்னும் கணக்கிலே செல்லாதொழிந்தது. பதிவுசெய்தல் வேறு, பகிரங்கப்படுத்தல் வேறு என்னும் நெறி இவ்விரு தீர்ப்புகளாலும் துலங்கியது.

அதன்பின் வந்த ஆண்டுகளிலே அச்சம் நீதிமன்றத்தை விட்டு வீதிக்கு வந்தது. டேவிட் கன் என்னும் வைத்தியரின் படமும் பெயரும், தேடப்படும் குற்றவாளியின் அறிவித்தல்போல் அச்சிடப்பட்டுப் பரப்பப்பட்டன. 1993ஆம் ஆண்டு மார்ச் 10ஆம் திகதி அவர் புளோரிடா மாநிலத்தின் பென்சகோலா நகரிலே சுட்டுக் கொல்லப்பட்டார். 1998 ஒக்டோபர் 23இல், நியூயோர்க் மாநிலத்தைச் சேர்ந்த வைத்தியர் பார்னெற் ஸ்லெப்பியன் தம் வீட்டுச் சமையலறையிலே நின்றபோது யன்னலூடாகச் சுடப்பட்டு இறந்தார். முகவரி தெரிதலே மரணத்துக்கு வழியாயிற்று.

இதன் விளைவாகவே வைத்தியரின் பெயரையும் இருப்பிடத்தையும் காக்கும் சட்டங்கள் தோன்றின. 1994இல் சிகிச்சை நிலைய வாயில்களை மறிப்பதையும் அங்குள்ளோரை அச்சுறுத்துவதையும் சமஷ்டிச் சட்டம் தடுத்தது. அவ்வாண்டே மோட்டார் வாகனப் பதிவேட்டிலிருந்து உரிமையாளரின் முகவரியைப் பிறர் பெறுவது கட்டுப்படுத்தப்பட்டது. நிலையத்தின் முன் நிற்கும் வாகனங்களின் இலக்கத்தைக் குறித்து, வைத்தியரின் வீட்டை அறிந்துவந்த வழக்கமும் அச்சட்டத்துக்கு ஒரு காரணமாகும். கலிபோர்னியாவிலே, வீட்டு வன்முறைக்கு ஆளானோரின் முகவரியை மறைக்கும் திட்டம் பின்னர் இத்துறை வைத்தியருக்கும் ஊழியருக்கும் விரிவாக்கப்பட்டது. வைத்தியரின் பெயர்களை அச்சுறுத்தும் வகையில் வெளியிட்டோர்மீது தொடுத்த வழக்கிலே, அது வெறும் கருத்துரையன்று, மெய்யான மிரட்டலே என 2002இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் ஒரே வாக்கு வித்தியாசத்தில் தீர்த்தது.

இந்நிலையிலேதான் புதிய மருந்து வந்து சேர்ந்தது. பிரான்சிலே 1988இல் அனுமதி பெற்ற மிஃபெப்ரிஸ்ரோன் என்னும் மருந்தை, 2000ஆம் ஆண்டு செப்டெம்பர் 28ஆம் திகதி அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் அனுமதித்தது. வைத்தியர்கள் வழக்கமான மருந்துச்சாலை வழியாக அன்றி, தாம் கையொப்பமிட்ட உடன்படிக்கைப் பத்திரம் ஒன்றை அனுப்பியே அதனைப் பெறவேண்டியிருந்தது. மருந்தை ஆய்ந்த அதிகாரிகளின் பெயர்களை நிருவாகம் வெளியிடவில்லை. அவற்றை வெளியிடும்படி தொடுக்கப்பட்ட வழக்கிலே, உயிராபத்து உண்மையானது என்பதை ஏற்று, மறைத்தது சரியே என 2006இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. 2023 ஜனவரியில் மருந்துச்சாலைகள் அம்மருந்தை வழங்க இடமளிக்கப்பட்டபோது, எழுதிக் கொடுப்போரின் பெயரை இரகசியமாகக் காத்தல் வேண்டும் என்பது அவற்றுக்கு விதித்த நிபந்தனைகளுள் ஒன்றாயிற்று.

ஆயினும் வைத்தியரின் பெயரைக் காத்தல் எளிதன்று என்பதற்கு 2011ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்று சான்றாகும். எந்த வைத்தியர் எந்த மருந்தை எத்துணை எழுதுகிறார் என்னும் விவரங்களை விலைக்கு வாங்கி விற்பது அந்நாட்டிலே பெருவணிகம். வைத்தியரின் சம்மதமின்றி அவ்விவரங்களை விளம்பரத்துக்காக விற்பதை வேர்மொண்ட் மாநிலம் 2007இல் தடுத்தது. அத்தடை பேச்சுச் சுதந்திரத்துக்கு முரணானது என உயர்நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்னும் கணக்கிலே தள்ளிவிட்டது. உயிரச்சம் ஒரு காரணமாகக் கொள்ளப்பட்டது. வணிகத் தொல்லை அங்ஙனம் கொள்ளப்படவில்லை.

2022ஆம் ஆண்டு யூன் 24ஆம் திகதி, உயர்நீதிமன்றம் தனது 1973ஆம் ஆண்டுத் தீர்ப்பைத் தானே மாற்றியது. கருச்சிதைவுபற்றி மாநிலங்களே சட்டம் வகுக்கலாம் என்றாயிற்று. ஒரு மாநிலத்தில் வைத்தியரின் கடமையாக இருப்பது, எல்லைக்கப்பால் மற்றொரு மாநிலத்தில் பெருங்குற்றம் ஆயிற்று. கொனெற்றிக்கற் மாநிலம் அவ்வாண்டு மே மாதத்திலேயே தன் வைத்தியரைக் காக்கும் கேடயச் சட்டத்தை இயற்றியிருந்தது. யூலை மாத இறுதியில் மசாச்சுசெற்ஸ், நோயாளி எம்மாநிலத்தில் இருப்பினும் தொலைத்தொடர்பு வழியாகச் சிகிச்சை தரும் தன் வைத்தியருக்கும் அப்பாதுகாப்பை அளித்தது. 2023 யூனில் நியூயோர்க் அவ்வழியைப் பின்பற்றியது. பிற மாநிலத்தின் விசாரணைக்குத் தம் அதிகாரிகள் உதவுவதையும், வைத்தியரைக் கையளிப்பதையும், அவருடைய ஏடுகளைத் தேடிவரும் கட்டளையை நிறைவேற்றுவதையும் இச்சட்டங்கள் தடுத்தன.

கையளித்தல் பற்றிய சட்டத்துக்கு அந்நாட்டிலே கசப்பான வரலாறு உண்டு. நீதிக்கு அஞ்சி ஓடிய குற்றவாளியை ஒரு மாநிலம் மற்றதற்கு ஒப்படைத்தல் வேண்டும் என்பது அரசியல் யாப்பின் விதி. 1859இல் கென்டக்கியில் அடிமைப் பெண்ணொருத்தி தப்புவதற்கு உதவிய ஒருவனை ஒகையோ மாநில ஆளுநர் ஒப்படைக்க மறுத்தார். ஒப்படைத்தல் கடமையே, ஆனால் ஆளுநரைக் கட்டாயப்படுத்தச் சமஷ்டி அரசுக்கு அதிகாரமில்லை என 1861இல் உயர்நீதிமன்றம் சொல்லிற்று. 1987இல் அதே நீதிமன்றம் அதனை மாற்றி, கட்டாயப்படுத்தலாம் என்றது. எனினும் 1903ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்று, குற்றம் நிகழ்ந்ததாகக் கூறப்படும் காலத்தில் அம்மாநிலத்தில் இல்லாதவன் அங்கிருந்து தப்பியோடியவன் ஆகான் என்று விளக்கியிருந்தது. தன் மேசையை விட்டு நகராது தபாலில் மருந்தனுப்பிய வைத்தியர் எங்கிருந்து ஓடினார் என்பதே கேடயச் சட்டங்களின் வாதம்.

அவ்வாதத்துக்குச் சோதனை 2025 ஜனவரி 31ஆம் திகதி வந்தது. லூசியானா மாநிலத்தில் பெரு யூரி சபையொன்று, நியூயோர்க் மாநிலப் பெண் வைத்தியர் ஒருவர்மீது குற்றஞ் சாட்டியது. அவர் எழுதிக் கொடுத்த மாத்திரைகளை ஒரு தாய் தருவித்துத் தன் பராயமடையாத மகளுக்குக் கொடுத்தாள் என்பது வழக்கு. மகள் குழந்தையைப் பெற விரும்பினாள் என்றும், தாயே வற்புறுத்தினாள் என்றும் வழக்குத் தொடுத்தோர் கூறினர். மருந்துக் குப்பியில் இருந்த பெயரே வைத்தியரை அடையாளங் காட்டியது என நியூயோர்க் ஆளுநர் கதி ஹோக்கல் அறிவித்து, மூன்று நாட்களுள் பெயரை மறைக்க இடந்தரும் சட்டத்திலே கையொப்பமிட்டார். பெப்ரவரி 13ஆம் திகதி வைத்தியரைக் கையளிக்கவும் மறுத்தார். அதே நாளில் ரெக்சாஸ் நீதிமன்றம் ஒன்று வேறொரு வழக்கிலே அவ்வைத்தியருக்கு ஒரு லட்சம் டொலருக்கு மேற்பட்ட தண்டம் விதித்தது. அத்தீர்ப்பைப் பதிய நியூயோர்க் மாவட்டப் பதிவாளர் ஒருவர் மார்ச் மாதத்தில் மறுத்துவிட்டார்.

அவ்வாண்டிலேயே மேய்ன், வேர்மொண்ட், மசாச்சுசெற்ஸ் முதலிய மாநிலங்களும் நிலையத்தின் பெயரை மட்டும் இட அனுமதித்தன. செப்டெம்பரில் கலிபோர்னியா இன்னும் ஒருபடி மேற்சென்று, வைத்தியர், நோயாளி, மருந்துச்சாலை ஆகிய மூன்று பெயர்களையும் ஒட்டுச்சீட்டில் விடலாம் என்றது. எதிர்த்திசையிலும் சட்டங்கள் எழுந்தன. லூசியானா 2024 ஒக்டோபர் முதல் இம்மருந்துகளைக் கட்டுப்பாட்டு மருந்துகளின் வரிசையிலே சேர்த்தது. எழுதுவோர் பெயர் அரசின் பதிவேட்டில் ஏறும் வகை அது. ரெக்சாஸ், 2025 டிசெம்பர் முதல், மருந்தனுப்பியோர்மீது தனியார் வழக்குத் தொடுத்து ஒரு லட்சம் டொலருக்குக் குறையாது பெறலாம் என வகுத்தது. மருத்துவ ஏடுகளைப் பிற மாநில விசாரணையிலிருந்து காப்பதற்குச் சமஷ்டி அரசு 2024இல் இயற்றிய விதியை, 2025 யூனில் ரெக்சாசில் உள்ள சமஷ்டி நீதிபதி ஒருவர் நாடு முழுவதற்கும் செல்லாதாக்கினார்.

இருதரப்பு வாதங்களும் எளிதில் ஒதுக்கத்தக்கவை அல்ல. கருவிலுள்ள சிசுவும் உயிரே என்று கொள்வோர்க்கு, பெயரை மறைத்தல் பொறுப்பை மறைத்தலாகத் தோன்றுகிறது. லூசியானாவில் நிகழ்ந்ததாகக் கூறப்படுவதுபோல் பிறர் வற்புறுத்தலால் ஒரு பெண் மருந்துண்டால், அதற்கு விடைசொல்ல வேண்டியவரை எங்கே தேடுவது என்று அவர்கள் வினவுகின்றனர். மறுதரப்பினரோ, டேவிட் கன், ஸ்லெப்பியன் ஆகியோரின் முடிவைச் சுட்டிக் காட்டுகின்றனர். தம் மாநிலச் சட்டத்தை ஒரு சிறிதும் மீறாத வைத்தியர், தாம் காலடி வைத்திராத மாநிலத்தின் சிறையை எண்ணி நடுங்குவது முறையோ என்பது அவர்கள் கேள்வி.

இவ்வரலாற்றினூடே ஒன்று தெளிவாகிறது. எச்சட்டமும் பெயரை முற்றாக அழித்துவிடவில்லை. குப்பியிலிருந்து நீங்கிய பெயர் மருந்துச்சாலையின் ஏட்டிலே இருக்கின்றது. மாறியது, அந்த ஏட்டைத் திறக்கும் உரிமை யாருக்கு என்பதேயாகும். 1951இல் குப்பியைத் திருப்பிப் பார்ப்பவர் நோயாளியும் அவர்தம் உறவினருமே என்று சட்டம் இயற்றியோர் எண்ணினர். 2025இல் அதனைத் திருப்பிப் பார்ப்பவர் வேற்று மாநிலத்தின் வழக்குத் தொடுநராயும் இருக்கலாம் என்பது வெளிப்பட்டது. பார்ப்பவர் மாறியதும், அதே பெயரின் பொருளும் மாறிப்போயிற்று.

இதனால் உண்டாகும் இழப்பு ஒன்றும் உண்டு. தம் வைத்தியரின் பெயரைக் குப்பியிலே கண்டு ஆறுதலடையும் நோயாளி, அங்கே ஒரு நிலையத்தின் பெயரை மட்டும் காண்பாள். பழைய உறுதிமொழியின் ஒரு பாதி, அதாவது நோயாளியின் இரகசியத்தைக் காக்கும் பாதி, நிலைத்திருக்கிறது. சொல்லப்படாமலே விளங்கிய மறுபாதி, அதாவது வைத்தியர் தம் பெயரோடு நோயாளியின்முன் நிற்பது, மங்கிவிட்டது. 1929ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்திலே பொலிசார் வாரிச் சென்ற அட்டைகளைக் கண்டு நியூயோர்க் வைத்தியர்கள் எழுப்பிய கேள்வி, மாத்திரைக் குப்பியின் சிறு சீட்டிலே மீண்டும் எழுந்து நிற்கின்றது. நம்பிக்கையின் பேரில் எழுதப்பட்ட ஒரு பெயரை, அந்நம்பிக்கையிற் பங்கில்லாதவர் எந்த அளவுக்குப் படிக்கலாம் என்பதே அது. ஒரே நாட்டின் மாநிலங்கள் தம்முள் ஓர் உடன்பாட்டுக்கு வருங்காறும் அதற்குக் கிடைக்கும் விடைகள் தற்காலிகமானவையாகவே இருக்கும்.